சிவப்பு எரிந்தால் உடனே வர வேண்டும்

மார்ச் 3, திங்கள்

என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல் இந்த வீட்டு நீச்சல் குளத்தை மண் கொட்டி மூடுவதென்று என் மகன் யுவராஜ் முடிவு செய்துவிட்டான். பதினேழாம் தேதி திங்கட்கிழமை காலையில் டிப்பர் லாரி வருகிறது. இது எனக்குச் செய்த அநியாயம். அதனால்தான் இந்த டைரியை எழுதத் தொடங்குகிறேன். நாளைக்கு யாரும் "அவருக்கும் சம்மதம்தான்" என்று சொல்லிவிடக் கூடாது.

செய்தி எனக்குத் தெரிந்த விதம் இன்னும் மோசம். காலையில் வாசலில் ஓர் ஆள் நின்று எங்கள் கேட்டின் அகலத்தை டேப் பிடித்து அளந்துகொண்டிருந்தார். எதற்கு என்று கேட்டேன்.

"குளத்த மூடறதுக்குத்தானுங்க. வண்டி உள்ள வருமான்னு பாக்கறேன்."

சொந்த வீட்டில் நடக்கப்போவதை லாரிக்காரர் வாயால் தெரிந்துகொண்டேன்.

காரணம், போன வியாழக்கிழமை நடந்தது. நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். சாயங்காலம் என் மனைவி ராமாத்தாள் வழக்கம்போலக் குளத்துத் தண்ணீருக்குள் நடந்துகொண்டிருந்தாள். நான் மோட்டார் ரூம் வாசலில் உட்கார்ந்து ஃபில்டரைக் கழுவிக்கொண்டிருந்தேன். இருட்டிக்கொண்டு வந்தது. படி தெரியாமல் அவளுக்குக் கால் வழுக்கிவிட்டது. எதிர்வீட்டு டிரைவர் ஆரோக்கியசாமி காம்பவுண்டு சுவர் ஏறிக் குதித்து வந்து தூக்கினார். அவள் என்னைக் கூப்பிட்டாளாம், எனக்குக் கேட்கவில்லையாம். பக்கத்தில் மோட்டார் ஓடிக்கொண்டிருந்தால் யாருக்குத்தான் கேட்கும்? அதோடு, நோவு வந்த பிறகு அவள் குரலும் சன்னமாகிவிட்டது.

தவறு இருட்டின் மேல். இருட்டுக்கு வெளிச்சம் போட வேண்டும். மண் போடக் கூடாது.

மார்ச் 4, செவ்வாய்

காலையில் சாப்பாட்டு மேஜையிலேயே கேட்டுவிட்டேன்.

"சொன்னனேப்பா. ஞாயித்துக்கெழம இதே எடத்துல ஒக்காந்துதான் சொன்னேன். நீங்களும் தலையாட்டுனீங்க" என்றான் யுவராஜ்.

"நான் எதுக்குத் தலையாட்டுனேன்னு நீ கண்டயா? கொள்ளு ரசம் நல்லா இருந்துச்சு. ஆட்டுனேன்."

மருமகள் ஹேமலதா இட்லியோடு வந்து என் எதிரே நின்று, "மூணு வாட்டி சொன்னாருங்க மாமா" என்றாள்.

நான் ராமாத்தாளைப் பார்த்தேன். அவள் தட்டைப் பார்த்தாள்.

இந்த வீட்டில் எல்லோரும் வாய்க்குள்ளேயே பேசுகிறார்கள். டிவியையும் அப்படித்தான் வைக்கிறார்கள். நான் சத்தத்தைக் கூட்டினால் ஹேமலதா வந்து குறைத்துவிட்டுப் போகிறாள்.

இந்தக் குளம் எனக்கு என்ன என்பதையும் எழுதிவிடுகிறேன். யுவராஜ் தன் பிள்ளைகளுக்காகக் கட்டியது. அப்போது நான்தான் எதிர்த்தேன். சோமனூர்ப் பக்கம் தறிக் குடோன் வைத்துப் பிழைத்த குடும்பத்துக்கு நீச்சல் குளம் எதற்கு என்று சண்டை போட்டேன். பிள்ளைகள் இரண்டும் ஹாஸ்டலுக்குப் போன பிறகு குளத்தில் இலைதான் நீந்தியது. போன வருடம் ராமாத்தாளுக்குப் பக்கவாதம் வந்து இடது கால் இழுத்துக்கொண்டது. பிசியோதெரபி செய்ய ஜெனிட்டா என்று நாகர்கோவில் பக்கத்துப் பெண் வர ஆரம்பித்தாள். அவள்தான் இந்தக் குளத்தைப் பார்த்துவிட்டு, "அம்மைய இதுக்குள்ள எறக்கிப் பாப்பமா?" என்று கேட்டாள்.

தரையில் ராமாத்தாளுக்கு வாக்கர் வேண்டும். பாத்ரூம் போக ஆள் வேண்டும். நெஞ்சளவு தண்ணீரில் மட்டும் அவள் யாரையும் பிடிக்காமல் நடக்கிறாள். முதல் நாள் அப்படி நடந்தபோது அவள் என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. தன் கால்களையே பார்த்துக்கொண்டு நடந்தாள். பக்கத்தில் நின்றால் துரத்துவாள்.

"அக்கட்டால போயி ஒக்காருங்க. நீங்க முறைச்சுப் பாத்துட்டே இருந்தா எனக்குக் காலு வராது."

அதனால் அவளுக்கு முதுகு காட்டி உட்காருகிறேன். அது அவள் போட்ட உத்தரவு. என் அலட்சியம் அல்ல.

கட்டவே கூடாது என்று நான் எதிர்த்த குளம் அவளைத் தாங்கிப் பிடிக்கிறது. அந்தத் தண்ணீருக்கு நான் கடமைப்பட்டவன். அதில் மண் விழ விடமாட்டேன்.

மார்ச் 5, புதன்

ஹேமலதா குளத்து வேலிக்கதவுக்குப் பூட்டுப் போட்டுவிட்டாள். ஜெனிட்டா வருகிற செவ்வாயும் வெள்ளியும் மட்டும்தான் திறக்குமாம். ராமாத்தாள் இன்று கட்டிலைவிட்டு எழுந்திருக்கவே யோசித்தாள்.

மார்ச் 6, வியாழன்

சோமனூருக்குப் போய் விளக்கு வாங்கி வந்தேன். நாடா மாதிரிச் சுருட்டி வைத்திருக்கிறார்கள். எல்.ஈ.டி. ஸ்ட்ரிப் என்று பெயர். நான் வெள்ளை மட்டும் எரிகிற ரகம் கேட்டேன். தண்ணீர் படலாம் என்கிற வகையில் கலர் மாறுவதுதான் இருந்தது. தீபாவளிக்கு வாங்கி விற்காமல் கிடந்ததாம், மலிவாகவே கொடுத்தார்கள். கூடவே கலர் மாற்ற ஒரு பெட்டியும் ரிமோட்டும்.

"பேரப்பிள்ளைக்குப் பொறந்த நாளுங்களா அய்யா?" என்று கடைக்காரர் கேட்டார்.

"இல்ல, பொண்டாட்டிக்கு."

அவர் சிரித்தார். நான் சிரிக்கவில்லை.

மாட்டும் முறையைச் செல்போனில் வீடியோ பார்த்துக் கற்றேன். நான் சத்தம் வைத்துப் பார்ப்பதில்லை. அதில் பேச்சைவிடப் பாட்டுத்தான் அதிகம். செய்கிறவன் கையைப் பார்த்தால் போதும். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். தறி ஓட்டவும், தறி பிரிக்கவும், மோட்டார் கட்டவும் அடுத்தவன் கையைப் பார்த்துத்தான் கற்றேன்.

தண்ணீருக்குப் பக்கத்தில் வீட்டுக் கரண்ட் வரவே கூடாது. இது பன்னிரண்டு வோல்ட்தான். அதைக் கொடுக்கும் அடாப்டரை மோட்டார் ரூமுக்குள் என் தலைக்கு மேலே மாட்ட வேண்டும். கரண்ட் கசிந்தால் தானே விழுகிற பிரேக்கர் அந்த ரூமில் ஏற்கெனவே இருக்கிறது. நான்தான் போட்டேன்.

மார்ச் 8, சனி

சாவியை ஹேமலதாவிடம் கேட்டு வாங்கினேன். என் வீட்டில் கேட்டு வாங்கினேன் என்பதைக் குறித்துக்கொள்கிறேன்.

குளத்து விளிம்புக் கல் தண்ணீர்ப் பக்கமாகச் சற்று நீட்டிக்கொண்டிருக்கும். அதன் அடியில் ஸ்ட்ரிப்பை ஒட்டினால் விளக்கு கண்ணில் படாது, வெளிச்சம் மட்டும் தண்ணீரில் விழும். ஸ்ட்ரிப்பின் முதுகிலேயே பசை இருக்கிறது. சுற்றிலும் குனிந்து குனிந்து ஒட்டி முடித்தேன். இடுப்பு போய்விட்டது.

மதிய வெயில் ஏறியதும் ஒரு பக்கம் உரிந்தது. பிறகு மறுபக்கம். கடைசியில் முழுவதும் தண்ணீருக்குள் தொங்கியது. இன்னும் கரண்ட் கொடுத்திருக்கவில்லை, அதுவரை நல்லது.

வேலிக்கு வெளியே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த ராமாத்தாள் முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள்.

"ஏனுங்க, தண்ணிப்பாம்பு நெறையா வந்துருச்சாட்ட இருக்குதுங்க."

"வாயை மூடிட்டு இரு."

"மூடிட்டுத்தான் இருக்கறேன்."

நோவு வந்த பிறகு அவள் இப்படிச் சிரித்து நான் பார்க்கவில்லை. அந்தப் பசைக்கு இந்த ஒன்றுக்காக நன்றி சொல்லலாம். வேறு எதற்கும் அது லாயக்கில்லை.

மார்ச் 9, ஞாயிறு

அலுமினியப் பட்டையை வெட்டி, கல்லில் துளை போட்டு, ஸ்க்ரூ முடுக்கி, அதற்குள் ஸ்ட்ரிப்பைப் படுக்க வைத்தேன். வெட்டிய முனைகளைச் சிலிக்கான் போட்டு அடைத்தேன். சாயங்காலம் சுவிட்ச் போட்டேன்.

எரிந்தது. ஆனால் மோட்டார் ரூம் பக்கம் வெள்ளையாக ஆரம்பித்து, தொலைவுக் கோடியில் ரோஜாப்பூ நிறமாகிவிட்டது. கரண்ட் அவ்வளவு தூரம் போவதற்குள் களைத்துப்போகிறது. வீடியோவில் இதை ஒருவரும் காட்டவில்லை. கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, இரண்டாவது கோடியிலிருந்தும் ஒரு ஒயர் இழுத்துக் கொடுத்தேன். சரியாகிவிட்டது.

ஹேமலதா சமையற்கட்டு வாசலுக்கு வந்து பார்த்தாள்.

"மாமா, கல்யாண மண்டபம் ரெடியாயிருச்சு. பந்தி எப்பங்க?"

யுவராஜ் வரவில்லை. ஆனால் மாடி ஜன்னல் திரை அசைந்தது.

படிகள் ஒவ்வொன்றாகத் தெரிந்தன. அடியில் கிடக்கும் ஒரு வேப்பிலை தெரிந்தது. இருட்டு என்கிற பேச்சு இன்றோடு முடிந்தது. டிப்பரை நிறுத்தச் சொல்லி யுவராஜிடம் மாடிக்கே போய்ச் சொன்னேன்.

"இருட்டு மட்டும் இல்லீங்கப்பா" என்றான். மேலே ஏதோ சொன்னான். செல்போனைப் பார்த்துக்கொண்டு சொன்னான்.

மார்ச் 10, திங்கள்

சிலிக்கான் காய வேண்டும். தொடக் கூடாது. தொடவில்லை.

மார்ச் 11, செவ்வாய்

ஜெனிட்டா வந்தாள். கதவு திறந்தது. தண்ணீரில் இறங்குவதற்கு முன் ராமாத்தாள் கையை நீட்டினாள்.

"அந்த ரிமோட்ட எங்கிட்டக் குடுங்க."

"அது எதுக்கு உனக்கு?"

"கலரு நான் மாத்தறேன்."

எழுபது வயதில் விளையாட்டு. சரி, ஆசைப்படுகிறாள். மழைக்குச் செல்போன் வைக்கிற பிளாஸ்டிக் பையில் ஜெனிட்டா ரிமோட்டைப் போட்டு அவள் கழுத்தில் மாட்டிவிட்டாள். தண்ணீரின் நடுவில் நின்று ராமாத்தாள் அமுக்கி அமுக்கிப் பார்த்தாள். மாறவே இல்லை. காரணம் சாதாரணம். டிவி ரிமோட் போலத்தான் இதுவும். பெட்டியில் ஒரு கண் இருக்கிறது, அந்தக் கண்ணுக்கு நேராக நீட்ட வேண்டும். பெட்டியோ மோட்டார் ரூமுக்குள் இருக்கிறது.

"விடு, கலரு மாறலீன்னா என்ன?" என்றேன்.

அவள் முகம் வாடிவிட்டது. கலருக்காக ஒரு மனுஷி அவ்வளவு வாடுவாளா என்று எனக்குப் புரியவில்லை.

இன்னொன்றையும் எழுத வேண்டும். குளத்தங்கரையிலிருந்து பார்த்தால் சமையற்கட்டுக் கண்ணாடி ஜன்னல் தெரியும். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் பேசினால் எனக்குத் தெரியாது என்று ஹேமலதா நினைக்கிறாள். ஆயுசில் பாதியைத் தறிக் குடோனில் கழித்தவன் நான். தறிகள் ஓடும்போது காதுக்குள் வந்து கத்தினாலும் கேட்காது. கைச்சாடையும் உதட்டசைவும்தான் பேச்சு. ராமாத்தாளும் நானும் அப்படித்தான் ஒரே குடோனில் தறி ஓட்டினோம். சண்டையையே நாங்கள் சத்தமில்லாமல் போட்டிருக்கிறோம்.

ஹேமலதாவின் உதடு யுவராஜிடம் சொன்னது இது: "மாமாவுக்குக் காது சுத்தமாப் போயிருச்சுங்க. மிஷினு வெக்கலாம்னா எரிஞ்சு விழுகறாரு. அத்தைக்கு ஏதாச்சும் ஒண்ணு ஆச்சுன்னா யாரு பதில் சொல்றது?"

யுவராஜ் உதடு சொன்னது: "அதுக்குத்தானே குளத்த மூடறேன்."

என் காதுக்கு ஒன்றுமில்லை. அப்படியே இருந்தாலும், என் காதுக்காக அவள் காலை எடுத்துக்கொள்வது என்ன நியாயம்?

மார்ச் 12, புதன்

மறுபடி சோமனூர். அவள் முகம் வாடியது மனதைவிட்டுப் போகவில்லை. கண் வேண்டாத ரிமோட் இருக்கிறதா என்று கேட்டேன். இருக்கிறது. ரேடியோவில் வேலை செய்கிறது. சுவருக்கு அந்தப் பக்கம் நின்று அமுக்கினாலும் மாறுமாம். தண்ணீருக்குள் முங்கினால் மட்டும் ஆகாது, மேலே இருக்க வேண்டும். நெஞ்சளவு தண்ணீரில் கழுத்து மேலேதானே இருக்கிறது. வாங்கி வந்து பழைய பெட்டியை மாற்றினேன்.

பொழுது சாய்ந்ததும் சோதித்துப் பார்க்கத் தெருவுக்குப் போனேன். எதிர்வீட்டு கேட் அருகில் நின்று அமுக்கினேன். எங்கள் சுவரில் பச்சை படர்ந்தது. ஆரோக்கியசாமி அந்த வீட்டு வண்டியைத் துடைத்துக்கொண்டிருந்தார். நிமிர்ந்து பார்த்தார்.

"அம்மா எப்படி இருக்காங்கய்யா?"

"நல்லா இருக்கா."

வந்துவிட்டேன். இன்னொரு வார்த்தை சொல்லியிருக்க வேண்டும். அவர் துணியைப் பிழிந்துகொண்டு நான் உள்ளே போகும்வரை பார்த்துக்கொண்டிருந்தார்.

மார்ச் 13, வியாழன்

எனக்கு முடியாமல் போனால் ஃபில்டரை ஹேமலதா கழுவ வேண்டியிருக்கும். அவளுக்காக முறையை எழுதுகிறேன். முதலில் மோட்டாரை நிறுத்த வேண்டும். ஓடும்போது மூடியைத் திறந்தால் தண்ணீர் முகத்தில் பீறிட்டு அடிக்கும். ஒரு தடவைகூட நான் மோட்டார் ஓடும்போது ஃபில்டரைத் தொட்டதில்லை.

மேலே எழுதிய வரியை இப்போது படித்துப் பார்த்தேன். மூன்றாம் தேதி எழுதியதையும் திருப்பிப் படித்தேன்.

இன்றைக்கு இவ்வளவு போதும்.

மார்ச் 14, வெள்ளி

இருட்டத் தொடங்கியபோது ஜெனிட்டா ராமாத்தாளைத் தண்ணீரில் இறக்கினாள். புது ரிமோட் கழுத்தில் தொங்கியது. நான் மோட்டார் ரூம் வாசலில் முதுகு காட்டி உட்கார்ந்து, இலை பிடிக்கும் கூடையைப் பிரஷ் போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தேன். மோட்டாரை நிறுத்தியிருந்தேன்.

எனக்கு எதிரே இருந்த வெள்ளைச் சுவர் திடீரென்று சிவந்தது.

என்ன ஏது என்று நினைப்பதற்குள் நான் எழுந்து நடந்துகொண்டிருந்தேன். கூடை கையிலிருந்து எங்கோ போய்விட்டது. குளத்தின் விளிம்புக்கு வந்த பிறகுதான் ஏன் எழுந்தேன் என்று யோசித்தேன்.

ராமாத்தாள் தண்ணீரின் நடுவில் நின்று, நோவுக்குப் பிறகு சற்றே கோணிக்கொண்ட வாயோடு சிரித்தாள். பிறகு சத்தமில்லாமல் உதட்டை மட்டும் அசைத்தாள்.

'ஊடை அறுந்துருச்சுங்க, மேஸ்திரி.'

படிப்பவர்களுக்குச் சொல்லிவிட வேண்டும். நாங்கள் சொந்தமாகக் குடோன் போட்டுக் கடைசியாக வாங்கிய தானியங்கித் தறிகளில் ஒவ்வொன்றின் தலையிலும் கலர் விளக்கு இருந்தது. பச்சை எரிந்தால் தறி ஓடுகிறது, உன் வேலையைப் பார். மஞ்சள் எரிந்தால் பாவு நூல் தீரப்போகிறது, தயாராகு. சிவப்பு எரிந்தால் குறுக்கே ஓடுகிற ஊடை நூல் அறுந்து தறி நின்றுவிட்டது, உடனே வா. குடோனின் எந்த மூலையில் சோறு தின்றுகொண்டிருந்தாலும் ஓரக்கண்ணில் சிவப்புப் பட்டால் கால் தானாக எழுந்துவிடும். தறிகளை விற்று எவ்வளவோ காலம் ஆகிவிட்டது. காலுக்கு அது தெரியவில்லை.

அவள் பச்சையை அமுக்கினாள். உதடு சொன்னது: 'ஓடுது. போயி உங்க வேலையப் பாருங்க.'

"என்னப்பா இது, ரெண்டு பேரும் வாய மட்டும் அசைச்சிட்டு நிக்கிய?" என்று கேட்டாள் ஜெனிட்டா.

கரையேறி உட்கார்ந்த பிறகு ராமாத்தாள் என் முகத்துக்கு நேராகத் திரும்பிச் சொன்னாள்.

"நீங்க கலரு லைட்டுன்னு வாங்கிட்டு வந்தீங்க பாருங்க, அன்னிக்கே நெனச்சுட்டேன். சொன்னா உங்களுக்குக் கோவம் வரும்."

எதைச் சொன்னால் எனக்குக் கோபம் வரும் என்று அவள் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. இத்தனை நாள் அவள் அதைச் சொல்லாமல் வைத்திருந்ததற்கு எப்படி நன்றி சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை. துண்டை எடுத்து அவள் தலையைத் துவட்டிவிட்டேன்.

ராத்திரி அவள் யுவராஜைக் கூப்பிட்டுத் தன் கட்டிலில் உட்கார வைத்தாள்.

"ஞாயித்துக்கெழம நானு தண்ணீல எறங்கறேன். கீழ உங்கப்பா மட்டும்தான். நீ மாடியில நின்னு பாரு. அப்பறமும் மூடோணும்னா மூடிக்க."

"அம்மா, இதென்ன பரிட்சையா?"

"ஆமா. எனக்குத்தான்டா பரிட்சை. கட்டில்ல கெடக்கறதா, நடக்கறதான்னு."

அவன் சரி என்றான்.

மார்ச் 15, சனி

மோட்டார் ரூம் பக்கத்தில் ஒரு பட்டை ஆடியது. குந்தி உட்கார்ந்து முடுக்கிக்கொண்டிருந்தேன். திரும்பியபோது யுவராஜ் என் முதுகுக்குப் பின்னால் ஒரு கை தூரத்தில் நின்றிருந்தான். எவ்வளவு நேரமாக நின்றான் என்று தெரியாது. கண் சிவந்திருந்தது.

"குளோரின் ஜாஸ்தியாடா?" என்றேன்.

தலையாட்டினான். என்னைக் கூப்பிட்டானா என்று நான் கேட்கவில்லை. என் கையிலிருந்த ஸ்க்ரூ டிரைவரை வாங்கி, எனக்குப் பக்கத்தில் குந்தி, மிச்சத்தை அவனே முடுக்கினான். அவன் முடுக்கியது சரியில்லை. அவன் போன பிறகு நான் மறுபடி முடுக்கினேன்.

மார்ச் 16, ஞாயிறு

ஈர வேட்டியை மாற்றிக்கொண்டு நேராக எழுத உட்கார்ந்தேன்.

பொழுது சாயும் நேரம் ராமாத்தாள் இறங்கினாள். பச்சை போட்டாள். யுவராஜ் மாடி வராந்தாவில் நின்றான். நான் முதுகு காட்டி உட்கார்ந்து பக்கெட்டில் கூடையை அலசினேன். பச்சை வெளிச்சம் சுவரில் நெளிந்துகொண்டே இருந்தது. அவள் நடக்க நடக்கத் தண்ணீர் அசைகிறது, அதனால் வெளிச்சமும் அசைகிறது. திரும்பிப் பார்க்காமலேயே அவள் நடப்பதை நான் பார்த்தேன். இது நான் எதிர்பாராத வரம்.

பிறகு பக்கெட்டுத் தண்ணீர் சிவந்தது. மஞ்சள் வரவில்லை. நேராகச் சிவப்பு.

திரும்பினேன். அவள் கைப்பிடிக் கம்பி எட்டாத கோடியில் இருந்தாள். நோவுக்கால் தசை இறுகிக் குரக்களி பிடித்து மடங்கிவிட்டது. தாடை வரை தண்ணீர். ஒரு கை மட்டும் ரிமோட்டோடு மேலே உயர்ந்திருந்தது. வாய் திறந்திருந்தது.

வேட்டி, சட்டை, சட்டைப் பையில் செல்போன், எல்லாவற்றோடும் இறங்கினேன். அக்குளுக்கடியில் கை கொடுத்துத் தூக்கினேன். பாதிப் பாரத்தைத் தண்ணீர் எடுத்துக்கொண்டது. மிச்சம் எனக்குப் பெரிதில்லை. படிக்குக் கொண்டுவந்து உட்கார வைத்துக் காலை நீவிவிட்டேன்.

யுவராஜ் அப்போதுதான் வந்து சேர்ந்தான். காலில் செருப்பு இல்லை. மூச்சு வாங்கியது. என் முகத்துக்கு நேராகக் குனிந்து பேசினான்.

"அம்மா கத்துனாங்கப்பா. மாடி வரைக்கும் கேட்டுது. நான் படியெறங்கி ஓடியாரதுக்குள்ள நீங்க தண்ணிக்குள்ள இருக்கறீங்க..."

படியில் அவளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டான்.

கத்தினாளாம். கத்தியிருக்கலாம்.

ராமாத்தாள் இருமிக்கொண்டே, கால் வலியில் பல்லைக் கடித்துக்கொண்டே, பச்சையை அமுக்கினாள். குளம் முழுக்கப் பச்சையாயிற்று. எனக்குச் சிரிப்பும் வந்தது, வேறென்னவோவும் வந்தது.

ஹேமலதா துண்டும் சுக்குக் காப்பியும் கொண்டு ஓடி வந்தாள். அழுதுகொண்டிருந்தாள்.

"பந்தி போட்டர்லாமுங்களா மாமா?" என்றாள்.

"போடு."

செல்போன் செத்துவிட்டது. அரிசிக்குள் புதைத்து வைத்திருக்கிறேன்.

மார்ச் 17, திங்கள்

காலையில் டிப்பர் வந்துவிட்டது. நேற்றைய அமளியில் லாரிக்காரருக்குச் சொல்ல யுவராஜ் மறந்துவிட்டான். ஒரு லோடு செம்மண் வாசலில் மலையாகக் கிடக்கிறது. எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். நல்ல மண். கையில் எடுத்துப் பார்த்தேன்.

வேலிக்கதவில் பூட்டு இல்லை. ஹேமலதா கழற்றிவிட்டாள். ராமாத்தாள் இன்று வாக்கரைத் தானே இழுத்துக்கொண்டு ஜன்னல் வரை வந்து குளத்தைப் பார்த்தாள்.

இனி நடக்க வேண்டியவற்றை எழுதிவிடுகிறேன். யாரும் சொல்லவில்லை, கேட்கவில்லை என்று பேச்சு வரக் கூடாது.

லாரிக்காரருக்குச் சேர வேண்டியதை யுவராஜ் இன்றே கொடுத்து மரியாதையாக அனுப்ப வேண்டும், அவர்மேல் தப்பில்லை. வாசல் மண்ணைப் பின்பக்கத் தென்னைகளுக்கு அவனே அணைக்க வேண்டும். தொப்பை போட்டிருக்கிறது, குனியட்டும். இனிமேல் இந்த வீட்டில் எந்த முடிவானாலும் என் எதிரே வந்து, என் முகத்தைப் பார்த்துச் சொல்ல வேண்டும். நான் தலையாட்டினால் எதற்கு ஆட்டினேன் என்று திருப்பிக் கேட்க வேண்டும்.

ஹேமலதா ரிமோட்டின் பேட்டரியை மாதத்தின் முதல் நாள் மாற்ற வேண்டும், தீர்ந்தாலும் தீராவிட்டாலும். அதைச் செய்தால் என் குளத்தை அவள் மண்டபம் என்று எத்தனை தடவை சொன்னாலும் எனக்கு வருத்தமில்லை.

ஜெனிட்டா குரக்களிக்கு என்ன செய்வதென்று எனக்கும் யுவராஜுக்கும் செய்து காட்ட வேண்டும். கையைக் காட்டினால் போதும், நான் பிடித்துக்கொள்வேன்.

ராமாத்தாள் ரிமோட்டைக் கழுத்திலிருந்து கழற்றக் கூடாது. களைத்தால் மஞ்சளைப் போட வேண்டும். ரோஷம் பார்த்துக்கொண்டு நேராகச் சிவப்புக்குப் போகக் கூடாது. இதை எழுதும்போது அவள் என் தோளுக்கு மேலாகப் படித்துவிட்டு, "யாரு ரோஷத்தப் பத்திப் பேசறதுன்னு பாரு" என்று உதட்டை அசைக்கிறாள். அசைக்கட்டும்.

கோயம்புத்தூர் டாக்டரிடம் போய் வந்தபின் வரும் ஞாயிற்றுக்கிழமை ஆரோக்கியசாமி இந்த வீட்டில் சாப்பிட வேண்டும். அவரை வேறு ஆளை அனுப்பி அழைக்கக் கூடாது. தெருவைத் தாண்டி நானே போக வேண்டும். அவர் சுவர் ஏறிக் குதித்ததற்கு அன்றே சொல்லியிருக்க வேண்டியதை, அவர் கையைப் பிடித்துக்கொண்டு நானே சொல்ல வேண்டும்.

அந்த டாக்டர் காது டாக்டர். சனிக்கிழமை நான் போக வேண்டும். ஜெனிட்டா முன்கூட்டியே பெயர் கொடுத்துவிட்டாள், என்னைக் கேட்காமல். அதையும் இங்கே குறித்துக்கொள்கிறேன். காதில் ஒன்றுமில்லை என்று டாக்டர் எழுதிக் கொடுத்தால் அதைக் கண்ணாடி போட்டு ஹாலில் மாட்டுவேன். வேறு ஏதாவது சொன்னால் அதையும் கேட்டுக்கொள்வேன்.

ராமாத்தாள் என்னோடு வர வேண்டும். டாக்டர் சொல்வதையெல்லாம் அவள் எனக்கு எதிரே உட்கார்ந்து, தறிகள் ஓடும்போது சொல்வதுபோல, சத்தமில்லாமல் சொல்ல வேண்டும்.